கொம்புக்குள் ஆறு மாதம், முட்டிக்குள் ஒரு இரவு

அந்தக் கொம்பைக் கையில் தந்தபோது மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகத் தயங்கினேன். உள்ளே இருப்பது மாட்டுச் சாணம் என்று சொல்லித்தான் தந்தார்கள். பசுவின் கொம்புக்குள் பச்சைச் சாணத்தை அடைத்து, குளிர் தொடங்கும் முன் மண்ணில் தாட்டு, ஆறு மாதம் கழித்து ஏப்ரலில் தோண்டியெடுத்தது. மணந்து பார்த்தால் சாண நாற்றமே இல்லை. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் நிலாவெளியில் எங்கள் வளவில் எழும்புமே ஒரு மண்வாசம், அதுதான் வந்தது.

இடம் பிரான்சின் அல்சாஸ். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் சித்தியின் மகன் கூட்டிக்கொண்டு போன திராட்சைத் தோட்டம் அது. இரசாயனம் போடாமல், இந்தக் கொம்புச் சாணம் போன்றவற்றையும் சேர்த்துச் செய்யும் பயோடைனமிக் என்ற முறையில் நடக்கிறது. தோட்டத்தைச் சுற்றிக் காட்டி, கடைசியில் வைனையும் சுவைக்கத் தருவார்கள். நான் திருகோணமலைக்குத் திரும்பி மாதக்கணக்கான பிறகும் அந்தக் கொம்பின் வாசம்தான் மனதில் நிற்கிறது. ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த வாசம்.

மண்வாசத்துக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற, இழை இழையாக வளரும் பற்றீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. கச்சான் காற்றில் நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் அது மண்ணிலேயே தங்கியிருக்கும். முதல் மழைத்துளி தெறிக்கும்போது காற்றில் கிளம்பும். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கி, அதில் பத்துப் பங்கை ஒரு லீற்றர் தண்ணீரில் கலந்தாலே பலருடைய மூக்கு கண்டுபிடித்துவிடும். கொம்புக்குள் நடந்ததும் இப்படி ஒரு வேலைதான். ஆறு மாதமாக நுண்ணுயிர்கள் சாணத்தைத் தின்று, உடைத்து, கறுத்த மண்ணாக்கி வைத்திருந்தன.

இனி அதை என்ன செய்கிறார்கள்? ஒரு ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 100 கிராம். கைப்பிடி அளவுதான். அதை வாளித் தண்ணீரில் போட்டு, தடியால் ஒரு பக்கமாகக் கலக்கி ஆழமான சுழி வரச் செய்கிறார்கள். சுழி நன்றாக விழுந்ததும் மறுபக்கம் திருப்பிக் கலக்குகிறார்கள். ஒரு மணி நேரம் இப்படியே. அப்புறம் நிலத்தில் தெளிக்கிறார்கள். இந்த முறையெல்லாம் 1924-இல் ருடோல்ஃப் ஸ்டெய்னர் என்ற ஒஸ்திரிய தத்துவவாதி ஆற்றிய எட்டு விரிவுரைகளில் இருந்து வந்தவை. கொம்பு அண்டத்தின் சக்திகளை ஈர்த்துச் சாணத்துக்குள் சேர்க்கிறது என்பது அவருடைய விளக்கம்.

அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. 100 கிராமில் இருக்கும் சத்து ஒரு ஹெக்டேயர் நிலத்துக்குப் பசளையாகவே ஆகாது. அதிலுள்ள நுண்ணுயிர்களைப் போல எத்தனையோ மடங்கு ஏற்கெனவே அந்த மண்ணில் இருக்கின்றன. கலிபோர்னியாவில் ஒரு மேர்லோ திராட்சைத் தோட்டத்தில் இயற்கை முறையையும் பயோடைனமிக் முறையையும் அருகருகே வைத்து ஆறு வருடம் பார்த்தார்கள். 2005-இல் முடிவு வெளியானது: மண்ணின் தரத்தில் வித்தியாசம் இல்லை.

ஆனால் கையில் எடுத்த அந்தத் தோட்டத்து மண் பொய் சொல்லவில்லை. ஒரு பிடி அள்ளினால் பிட்டு மாதிரி உதிர்ந்தது, உள்ளே மண்புழு நெளிந்தது. பசேலென்று வளர்ந்திருந்த அவரைக் குடும்பச் செடிகளும் புல்லும் கொடி வரிசைகளுக்கு நடுவே நின்றன. அவரை இனத்தின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தருகின்றன. களைநாசினி இல்லை. கூட்டெரு தாராளமாக. வேர்களோடு ஒட்டி வாழும் பூஞ்சைகள், வேர் போகாத தூரத்தில் இருந்து பொசுபரசைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பதிலுக்குச் சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன. கொம்பை விட்டுவிட்டாலும் இவையெல்லாம் வேலை செய்யும்.

அல்சாசுக்குப் பக்கத்திலேயே, சுவிட்சர்லாந்தின் தெர்வில் என்ற ஊரில், 1978-இல் தொடங்கிய ஒரு நீண்ட ஆய்வு உண்டு. அங்கே கோதுமை, உருளைக்கிழங்கு போன்ற பயிர்களில் பயோடைனமிக், இயற்கை முறை, வழமையான முறை என்று வைத்து ஒப்பிடுகிறார்கள். 21 வருடத் தரவுகள் 2002-இல் வந்தன. இரசாயனம் போடாத நிலங்களில் விளைச்சல் சுமார் 20 சதவீதம் குறைவு, ஆனால் மண்புழுவும் நுண்ணுயிரும் கூடுதல்.

இதைக் கேட்கும்போது எனக்குத் தம்பலகாமத்து வயல்கள்தான் நினைவில் வந்தன. 2021-இல் இரசாயனப் பசளை இறக்குமதியை இலங்கை அரசு திடீரென்று தடை செய்தது. சில மாதங்களில் தடையை நீக்கவேண்டி வந்தாலும் அதற்குள் நாடு முழுக்க நெல் விளைச்சல் விழுந்துவிட்டது. ஐரோப்பாவில் ஒரு திராட்சைத் தோட்டம் இயற்கை முறைக்கு மாறியது என்று சான்றிதழ் பெற மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். பருவத்துக்குப் பருவம் மண்ணைப் பழக்கித்தான் மாற்ற வேண்டும். நம் விவசாயிகளுக்கு அந்த அவகாசம் தரப்படவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயோடைனமிக் தோட்டத்திலும் பூஞ்சை நோய்க்குச் செம்புக் கரைசல் அடிக்கிறார்கள். செம்பு மண்ணில் தங்கிவிடும், மண்புழுவுக்கும் கெடுதல். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் ஏழு வருடத்துக்கு ஹெக்டேயருக்கு 28 கிலோ என்று எல்லை போட்டிருக்கிறது.

சரி, வைனுக்கு வருவோம். முதலில் ஊற்றியது ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன். ஒரு வாய் எடுத்து, நாக்கின் மேல் காற்றை உறிஞ்சி இழுக்கச் சொன்னார்கள். அப்படிச் செய்தால் ஆவியாகும் பொருள்கள் தொண்டை வழியாகப் பின்னால் மூக்குக்கு ஏறும். சுவை என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி அங்கேதான் தெரிகிறது. பிறகு துப்புவதற்கு ஒரு பாத்திரம். போத்தலின் அடியில் கண்ணாடித் துகள் போலச் சிறு பளிங்குகள் கிடந்தன. அவை தார்தாரிக் அமிலத்தின் உப்பு. இந்த அமிலம் நிறைய உள்ள பழங்கள் உலகில் அதிகமில்லை. திராட்சை ஒன்று, நம் புளியம்பழம் மற்றது. மீன் குழம்பில் பழகிய அதே புளிப்பு ஒரு குளிர்நாட்டுக் கண்ணாடிக் குவளையில் வந்து நின்றது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்தது கெவூர்ஸ்ட்ராமினர். ரோஜா வாசம் தூக்கலாக வந்தது. அதிலுள்ள ரோஸ் ஒக்சைட்டு என்ற பொருள் லிச்சிப் பழத்தின் மணத்துக்கும் காரணம். பிறகு சிவப்பு பினோ நுவார். அதன் துவர்ப்பு தனின்களால் வருவது. அவை உமிழ்நீரின் புரதத்தைப் பிடித்துத் திரளவைக்க, வாய் வழுக்கலை இழந்து வரளும். பச்சைப் பாக்கு மென்றவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்று “பழ நாள்”, அதனால் வைன் நன்றாகச் சுவைக்கும் என்றார் தோட்டக்கார அம்மா. சந்திரன் எந்த இராசியில் நிற்கிறது என்று பார்த்து வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று பிரிக்கும் நாட்காட்டி வைத்திருக்கிறார்கள். நாள் பார்த்து விதைக்கும் ஊரில் பிறந்த எனக்கு அது அந்நியமாகப் படவில்லை. ஆனால் நியூசிலாந்தில் 19 வைன் வல்லுநர்களுக்குப் பெயர் சொல்லாமல் 12 பினோ நுவார்களைப் பழ நாளிலும் வேர் நாளிலும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2017-இல் வந்த முடிவின்படி நாள் எதையும் மாற்றவில்லை.

என்னை அதிகம் ஈர்த்தது நிலவறைதான். நூறு வருடம் தாண்டிய பெரிய ஓக் பீப்பாய்கள். வெளியில் வாங்கிய ஈஸ்டை அவர்கள் சேர்ப்பதில்லை. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மதுவம் என்று படித்தோமே, அது தானாகவே வந்து சர்க்கரையை அல்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிக்கிறது. பழத்தோலில் இருக்கும் காட்டு இனங்கள்தான் முதலில் தொடங்கும். அல்ககோல் கூடக்கூட அவை சாய்ந்துவிட, அதைத் தாங்கும் சக்கரோமைசிஸ் என்ற மதுவம் மேலோங்கும். விந்தை என்னவென்றால், நல்ல திராட்சையின் தோலில் சக்கரோமைசிஸ் மிக அரிது. நிலவறையின் பாத்திரங்களில் அது குடியிருக்கிறது. தோட்டத்தில் குளவிகளின் குடலில் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்று 2012-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது ஆனி மாதம், பனங்கள் காலம். விடியற்காலையில் மாமா பனையால் இறங்கி வந்து கள் நிறைந்த மண்முட்டியை வைத்தார். வாயில் வெள்ளை நுரை, நுரைக்குள் இரண்டு தேனீ, விளிம்பில் ஒரு குளவி. காதைக் கிட்ட வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்டது.

“முட்டியக் கழுவுறதில்லையா மாமா?”

“சும்மா ஒருக்கா அலசுவன் தம்பி. தேய்ச்சுக் கழுவினா அண்டைக்கு நுரைக்காது, பச்சத் தண்ணி மாதிரிக் கிடக்கும்.”

நேற்றைய கள்ளின் மதுவம் முட்டியின் சுவரில் ஒட்டியிருந்து இன்றைய பனஞ்சாற்றைப் பிடித்துக்கொள்கிறது. அல்சாஸ் பீப்பாயின் வேலையை இங்கே மண்முட்டி செய்கிறது. பக்கத்தில் இருந்த மற்ற முட்டியில் இரைச்சலே இல்லை. உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தார். சுண்ணாம்பின் காரத்தன்மையில் மதுவமும் பற்றீரியாவும் முடங்கிவிடுவதால் சாறு இனிப்பாகவே நிற்கும். அதுதான் கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி.

திராட்சைச் சாறு பிறவியிலேயே புளிப்பு. அந்தப் புளிப்பில் பெரும்பாலான பற்றீரியாக்கள் பிழைக்காது. மதுவம் வாரக்கணக்கில் ஆறுதலாக வேலை செய்து 12 சதவீதம் வரைக்கும் அல்ககோல் ஏற்றுகிறது. பனஞ்சாற்றில் அந்தக் காவல் இல்லை. மதுவமும், புளிக்கவைக்கும் பற்றீரியாக்களும் ஒன்றாக நுழைந்து போட்டிபோடுகின்றன. பின்னாலேயே அல்ககோலை வினாகிரியாக்கும் இனங்களும் வந்துவிடும்.

கொண்டுவந்த ரீஸ்லிங் போத்தலைக் காட்டி, இது பத்து வருடம் வைத்தால் இன்னும் நன்றாகுமாம் என்றேன். மாமா போத்தலைத் திருப்பி அடியில் கிடந்த பளிங்கைப் பார்த்துவிட்டு, பனையோலைப் பிளாவில் கள்ளை ஊற்றி நீட்டினார்.

“இத பத்து மணிக்கு முதல் குடி. மத்தியானம் புளிச்சிடும்.”