லோரியில் வந்திறங்கிய தென்னை

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓர் அக்கா கேள்வி அனுப்பியிருக்கிறார். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளை ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருக்கிறார். போன விடுமுறையில் வெறும் சிமெண்டுத் தரையாகக் கிடந்த இடத்தில் இந்த முறை இரண்டு மாடி உயரத்துக்குத் தென்னை வரிசையாம், அதன் நிழலில் பாய் விரித்து ஆட்கள் நாசி லெமாக் சாப்பிடுகிறார்களாம். "தம்பி, இது எப்படி? நாங்கள் கார் நிறுத்த இடம் வேண்டுமென்று வீட்டு மாமரத்தைத் தோண்டி நாலடி தள்ளி நட்டோம், ஆறு வாரத்தில் விறகாகிவிட்டது. இவ்வளவு பெரிய தென்னையை லோரியில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்தால் மட்டும் எப்படிப் பிழைக்கிறது? ஏதாவது மருந்து வைக்கிறார்களா?" கூடவே இன்னொரு கேள்வியும் கேட்டிருக்கிறார், அதைக் கடைசியில் பார்க்கலாம்.

மருந்தெல்லாம் ஒன்றும் இல்லை அக்கா. உங்கள் மாமரம் மரம், தென்னை புல். வித்தியாசம் அவ்வளவுதான்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பள்ளியில் ஒருவித்திலை, இருவித்திலை என்று படித்திருப்பீர்கள். மா, பலா, ரம்புத்தான் எல்லாம் இருவித்திலை. நெல், கரும்பு, மூங்கில், தென்னை, பனை, எண்ணெய் எடுக்கும் செம்பனை, நம் பினாங்குத் தீவுக்கே பெயர் கொடுத்த பாக்கு மரம் எல்லாம் ஒருவித்திலை. முதல் கூட்டத்துக்குப் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்று ஒரு மெல்லிய அடுக்கு உண்டு, அது வருடா வருடம் உள்பக்கம் கட்டையும் வெளிப்பக்கம் பட்டையுமாகச் செய்துகொண்டே போகும், மரம் பருக்கும். இரண்டாவது கூட்டத்துக்கு அந்த அடுக்கு கிடையாது. சரி, பாடம் முடிந்தது.

தொல்காப்பியத்தின் மரபியலில் 'புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப' என்று வருகிறது. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். இதைப் படித்தவுடன் "கேம்பியத்தை அன்றே கண்டுபிடித்த தமிழன்" என்று வாட்சப்பில் அனுப்ப யாருக்காவது கை பரபரத்தால் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். அவர்கள் கேம்பியத்தைக் கண்டுபிடிக்கவில்லை. வெட்டிப் பார்த்தார்கள், எந்தப் பக்கம் கோடாரி திரும்பி வருகிறது என்று கவனித்தார்கள், கவனித்ததை ஒழுங்காக வகைப்படுத்தினார்கள். அதுவே பெரிய வேலை, அதற்கு மேல் ஜிகினா தேவையில்லை.

ஒரு தடவை பத்து ஃபெரிங்கி சாலையில் விடியற்காலையில் நாலு தென்னைகளைக் கிரேன் வைத்து இறக்குவதை நின்று பார்த்தேன். ஓலைகளில் பாதியைக் கழித்துவிட்டு மீதியைக் கொண்டைபோல மேலே கூட்டிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். தண்டில் கோணிச் சாக்கைச் சுற்றி அதன்மேல் வார் போட்டுத் தூக்கினார்கள். மேலே போகப் போக அடிப்பக்கம் தெரிந்தது, எனக்கு அதுதான் காட்சி. நாற்பதடித் தென்னைக்கு அடியில் இருந்த மண்ணுருண்டை ஒரு குப்பைத்தொட்டி அளவுகூட இல்லை. அதிலிருந்து வெட்டுப்பட்ட வேர்கள், எல்லாம் ஒரே தடிமனில், சுண்டுவிரல் அளவில், வெளியே செம்பழுப்பும் உள்ளே வெள்ளையுமாக, பிய்த்த இடியாப்பம் மாதிரி நூற்றுக்கணக்கில் துருத்திக்கொண்டிருந்தன.

அந்த ஒரே தடிமனைத்தான் கவனிக்க வேண்டும். மாமரத்தின் வேர் தண்டருகே தொடை மொத்தம் இருக்கும், போகப் போகக் கிளைத்துக் கிளைத்து நூலாக மெலியும். தண்ணீர் குடிப்பதெல்லாம் அந்த நூல்கள்தான், அவை இருப்பதோ கிளைகளின் நிழலையும் தாண்டி எங்கோ. சம்பாதிக்கிற பிள்ளைகள் எல்லாரும் வெளியூரில் இருக்கும் வீடு மாதிரி. நீங்கள் அடியோடு ஒட்டித் தோண்டியபோது கையில் வந்தது வீடு மட்டும், சம்பாத்தியம் முழுக்க மண்ணிலேயே தங்கிவிட்டது. மேலே இலைகள் வழக்கம்போல் தண்ணீர் கேட்டிருக்கும், கீழே கொடுக்க ஆள் இல்லை.

தென்னைக்கு ஆணிவேரே கிடையாது. தேங்காய் முளைக்கும்போது வரும் முதல் வேர் சீக்கிரமே செத்துவிடும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க எல்லா வேரும் அடித்தண்டிலிருந்து நேரடியாக, ஒன்றன்பின் ஒன்றாக, புதிது புதிதாக வருகின்றன. வரும்போதே முழுத் தடிமனில் வரும், பிறகு பருக்காது. பழையது போனால் இன்னொன்று. வேர் என்பது அதற்கு உதிர்ந்து முளைக்கிற பொருள், ஓலை மாதிரி.

1980களில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் திமோத்தி ப்ரோஷாட் என்பவரும் கூட்டாளிகளும் பனை வகைகளின் வேர்களை வெட்டிவிட்டு என்ன நடக்கிறது என்று பார்த்தார்கள். எனக்கு இந்த மாதிரி ஆராய்ச்சி ரொம்பப் பிடிக்கும், மண்வெட்டியும் பொறுமையும் இருந்தால் போதும். தென்னையில் வெட்டுப்பட்ட வேர்களில் ஏறக்குறைய பாதி, எவ்வளவு குட்டையாக வெட்டினாலும், பக்கவாட்டில் கிளைத்துப் பிழைத்துக்கொண்டன. ஃபுளோரிடாவின் மாநில மரமான சாபல் பனையிலோ வெட்டிய வேர் அநேகமாக ஒன்றுகூடத் தேறவில்லை, எல்லாம் செத்து, அடித்தண்டிலிருந்து புது வேர்கள் கிளம்பி வந்தன. அதுவரை தண்டில் இருக்கும் தண்ணீரை வைத்தே காலத்தை ஓட்ட வேண்டும், அதனால் சாபல் பனையை நடும்போது ஓலை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மொட்டைக் கம்பமாகத்தான் நிறுத்துகிறார்கள். பார்ப்பவர்கள் மின்கம்பம் என்று நினைப்பார்கள்.

இப்போது எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயத்துக்கு வருகிறேன். ஐம்பது வயதுத் தென்னையின் அடித்தண்டிலிருந்து இன்றைக்கு ஒரு வேர் புதிதாக முளைக்கிறது என்றால், அதை முளைக்க வைக்கும் செல்களுக்கு என்ன வயது? கேம்பியம் இல்லை, புதுச் செல் சேர்க்க அந்த இடத்தில் ஆளே இல்லை. அப்படியானால் அங்கே இருப்பவை தென்னை கன்றாக இருந்தபோது உண்டான அதே செல்கள்தான். மாமரத்தின் உள்கட்டை பெரும்பாலும் செத்த செல்கள், உயிர் எல்லாம் பட்டைக்கடியில் இருக்கும் இளம் அடுக்குகளில்தான். தென்னையில் தண்ணீர் ஏறும் குழாய்கள் மட்டும் செத்தவை, அவற்றைச் சுற்றியிருக்கும் மெத்தென்ற செல்களும், ஓலை தயாரிக்கும் சர்க்கரையைக் கீழே கொண்டுவரும் குழாய்களும் உயிரோடு இருக்கின்றன, அடி முதல் நுனி வரை, மரம் விழும் நாள் வரை. ஹார்வர்டின் டாம்லின்சனும் ஹக்கெட்டும் 2012இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். நூறு வயது தாண்டிய பனையின் அடியில் நூறு வயது தாண்டிய செல்கள், மாற்று ஆள் இல்லாமல், லீவு இல்லாமல் வேலை பார்க்கின்றன. நம் உடம்பில் இதற்கு ஈடு சொல்ல வேண்டுமென்றால் மூளை நரம்புச் செல்களைச் சொல்லலாம். ஆனால் நம் மூளையைத் தோண்டி லோரியில் ஏற்றி வேறு மண்டையில் வைத்தால் வேர் விடாது.

கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் ஒரு கானரித் தீவுப் பேரீச்சை நிற்கிறது. 1896இல் கல்யாணப் பரிசாக வந்து நட்டது என்பார்கள். 1950களில் பூங்காவுக்காக நிலத்தை விற்ற குடும்பம் இந்த மரத்தை வெட்டக் கூடாது என்று கேட்டுக்கொள்ள, கார் நிறுத்துமிடத்துக்கு ஒதுக்கிய பக்கத்திலிருந்து பெயர்த்து, காட்டுப் படகுச் சவாரிக்குப் பக்கத்தில் நட்டார்கள். கிட்டத்தட்ட அறுபது வயதில் வீடு மாறிய கிழவி, இன்னும் நிற்கிறாள்.

கேம்பியம் இல்லாததற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. தண்டு பின்னால் பருக்க முடியாது என்பதால் முதலில் அகலம், அப்புறம்தான் உயரம். செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், கன்று முதல் சில வருடம் அசையாமல் அடி பெருத்துக்கொண்டே இருக்கும், பிறகுதான் கிளம்பும். இன்னொன்று, காயம் ஆறாது. எங்கள் பாட்டி இருந்த கெடாத் தோட்டத்தில் தாத்தா ஏறுவதற்காகத் தென்னையில் கத்தியால் படி வெட்டியிருந்தார். அவர் போய் இருபது வருடம் கழித்துப் போனபோதும் அந்தப் படிகள் அதே ஆழத்தில், அதே உயரத்தில், என் கால் கட்டைவிரல் சரியாக உட்காரும்படி இருந்தன. மாமரமாக இருந்தால் மூடியிருக்கும். ஆகவே பூங்காவில் வண்ண விளக்கு மாட்டத் தென்னையில் ஆணி அடிப்பது அந்த மரத்துக்கு ஆயுளுக்கும் ஓட்டை. விவரம் தெரிந்தவர்கள் முட்டுக் கட்டை கொடுக்கும்போதுகூட, தண்டைச் சுற்றிச் சாக்கு, அதன்மேல் குட்டையான பலகைத் துண்டுகள், அவற்றைப் பட்டையால் இறுக்கி, அந்தப் பலகையில்தான் ஆணி அடிப்பார்கள்.

எங்கள் தாமான் (குடியிருப்பு) வாசலில் பாக்கு வகை ஒன்றைப் பத்துப் பன்னிரண்டு நட்டார்கள். உயரம் கொஞ்சம் முன்பின்னாக இருந்தது, திறப்பு விழாவுக்கு மக்கள் பிரதிநிதி ஒய்.பி. வருகிறார், வரிசை ஒரே மட்டமாக இருக்க வேண்டுமே என்று நெட்டையானவற்றை மட்டும் ஆழமாகப் புதைத்தார் குத்தகைக்காரர். மண்ணுக்குள் போன தண்டு மூச்சுவிடாது, அடியில் வேர் விடும் இடம் காற்றில்லாத சேற்றில் மூழ்கிவிடும். ஒரு வருடத்தில் எது நெட்டை, எது குட்டை என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, குட்டையானவை மட்டும் நின்றன. பக்கத்து வீட்டு மாமா அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது, பூசை போட வேண்டும் என்றார். இருந்தது களிமண்.

பூங்காக்காரர்களுக்குப் பனைக் குடும்பம் பிடிக்க இன்னும் காரணங்கள் உண்டு: வேர் நடைபாதையைத் தூக்காது, பொடி இலை உதிர்ந்து குளத்தின் வடிகட்டியை அடைக்காது. மட்டை விழுந்தால்தான் வம்பு, ராயல் பாமின் ஒரு மட்டை 20 கிலோவுக்கு மேல்கூட வரும். தேங்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். "தேங்காய்க்குக் கண் இருக்கிறது, ஆள் தலையில் விழாது" என்று நம் வீட்டிலும் சொல்வார்கள், மலாய்க்காரப் பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள். அந்த மூன்று கண்ணில் இரண்டு அடைப்பு, மூன்றாவது முளை வெளியே வருவதற்கு, அதுவும் நார் மட்டைக்கு உள்ளே. எதை வைத்துப் பார்க்கும்? பூங்காவின் காப்பீட்டுக் கம்பெனி இந்தக் கண்ணை நம்புவதில்லை, அதனால்தான் பாளையையும் குரும்பையையும் முன்கூட்டியே வெட்டிவிடுகிறார்கள். அடுத்த முறை அண்ணாந்து பாருங்கள், ஒரு காய் இருக்காது. தைப்பூசத்துக்குத் தெருவில் தேங்காய் மலைமலையாக உடையும் பினாங்கில் காய்க்காத தென்னை.

இவ்வளவு சுவாரசியமான குடும்பத்தில் உலகம் முழுக்கச் சுமார் 2,600 இனங்கள் இருக்கின்றன. நம் நாட்டு ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் போவது ஒன்றே ஒன்றுக்கு. 1917இல் ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் சிலாங்கூரில் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட எஸ்டேட்டின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம்! அங்கே தொடங்கி, இன்று எண்ணெய்க்கு வாங்கும் செஸ் வரிப் பணத்தில் பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் நடக்கின்றன, 2013இல் செம்பனையின் மரபணுத் தொகுதியையே படித்து வெளியிட்டார்கள். குறை சொல்லவில்லை, நம்மில் பாதிப் பேரின் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான். ஆனால் பத்துமலையின் சுண்ணாம்புப் பாறையில் மாக்ஸ்புரேசியா ரூபிகோலா என்று ஒரு சின்னப் பனை இருக்கிறது, சிலாங்கூரில் அந்த மாதிரி இரண்டு மூன்று குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. 272 படி ஏறுகிற நமக்கு அப்படி ஒன்று தலைக்கு மேல் நிற்பதே தெரியாது. அதில் எண்ணெய் வடியவில்லை, அதனால் செஸ்ஸும் இல்லை. செஸ் பணத்தில் நூற்றில் ஒரு பங்கை இந்த மாதிரி ஏழைச் சொந்தக்காரர்களுக்கு ஒதுக்கினால் குடியா முழுகிவிடும்?

சரி, அக்காவின் இரண்டாவது கேள்வி. பூங்காவைப் பார்த்துவிட்டு வந்த வேகத்தில் வீட்டுக்காரர் கொல்லையிலிருந்த குட்டைத் தென்னையைப் பெயர்த்து முன்பக்கம் நட்டுவிட்டாராம். மூன்று வாரமாகிறது, கீழ் ஓலைகள் காய்கின்றன, உயிர் இருக்கிறதா, செத்துவிட்டதா?

கீழ் ஓலை காய்வதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அது சும்மாவே காயும். வெட்டிவிடவும் அவசரப்படாதீர்கள், அதிலுள்ள சத்தை உறிஞ்சி மேலே அனுப்பிக்கொண்டிருக்கலாம். தென்னை வளர்வது ஒரே ஒரு இடத்தில், உச்சிக் குருத்தில். உம்புட் சமைக்கக் குருத்தை எடுத்தால் மரம் போச்சு என்பது அதனால்தான். ஏணி வைத்து ஏறி, நடுவில் ஈட்டி மாதிரி மூடி நிற்கும் குருத்தோலையிலும் அதை ஒட்டியிருக்கும் மட்டையிலும் சேர்த்து ஒரே நேர்க்கோடாக மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். நல்ல தென்னை மாதத்துக்கு ஓர் ஓலை விடும், இடம் மாறியது கொஞ்சம் மெதுவாகத்தான் விடும். இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். குருத்தில் இருக்கும் கோடு மட்டையின் கோட்டைவிட மேலே ஏறியிருந்தால் கீழே வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது, தண்ணீர் ஊற்றுங்கள், உரம் இப்போது வேண்டாம். கோடு அப்படியே இருந்தால் குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், அசையாவிட்டால் இன்னும் ஒரு மாதம் பொறுக்கலாம். கையோடு கழன்று வந்து, அடியில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் வீட்டுக்காரரிடம் மண்வெட்டியைக் கொடுத்துவிடுங்கள்.