குப்பைக் கட்டண உயர்வு: எந்த வேலைக்குப் போகிறது?

உணவுக்கழிவைத் தனியே சேகரித்து உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றப்போகிறோம், அதற்காகக் குப்பைக் கட்டணத்தை உயர்த்துகிறோம் என்று ஓர் உள்ளாட்சி அமைப்பு அறிவித்தவுடன், "குப்பைக்கு எதற்கு இவ்வளவு?" என்ற கேள்வி எழுவது இயல்பு. திடக்கழிவுத் திட்டங்களின் செலவுக் கணக்கைப் பல ஆண்டுகளாகச் சரிபார்த்துவருபவன் என்ற முறையில், அந்தக் கேள்வியோடு இன்னொன்றையும் கேட்கும்படி நான் சொல்வதுண்டு: கூடுதலாக வசூலிக்கும் தொகை எந்த வேலைக்குப் போகிறது?

திட்ட அறிக்கையில் பெரிதாகத் தெரிவது ஆலைதான். படம் அதற்குத்தான் போடுவார்கள். செலவின் பெரும்பகுதி தெருவிலேயே கரைந்துவிடுகிறது. உணவுக்கழிவின் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் என்பதால், அதை ஏற்றிச் செல்லும் வண்டி பெரும்பாலும் தண்ணீரைத்தான் சுமக்கிறது. பழைய காகிதத்தை இரண்டு வாரம் வீட்டில் வைத்திருக்கலாம். மிஞ்சிய உணவோ இரண்டு மூன்று நாளில் அழுகி நீர்விடும். ஆகவே ஒழுகாத வண்டியும், அடிக்கடி வந்துபோகும் நடையும், அதற்கான ஆட்களும் தேவைப்படுகின்றன. வாங்கிய இயந்திரம் உறை பிரிக்கப்படாமல் நிற்க, பிரித்துச் சேகரிக்க ஆளில்லாமல் கலந்த குப்பையே வந்துசேர்ந்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன்.

உணவுக்கழிவோடு பிளாஸ்டிக் போன்றவை கலந்துவருவதுதான் இத்தொழிலின் தீராத தலைவலி. மற்ற சிக்கல்களுக்கு வழி உண்டு. உணவுக்கழிவில் நைட்ரஜன் மிகுதி. உரமாக்கலில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருப்பது நல்லது என்பதால் உலர்ந்த இலையையும் மரத்துகளையும் சேர்க்கிறோம். நோய்க்கிருமிகள் அழியும்படி குவியலின் வெப்பத்தைச் சில நாட்களுக்கு 55 டிகிரி செல்சியசுக்குக் குறையாமல் காக்கிறோம். இவையெல்லாம் கைவந்த வேலைகள். ஆனால் ஒரு பிளாஸ்டிக் பை கிழிந்து துணுக்குகளாகிவிட்டால், எந்தச் சல்லடையும் அதை முழுதாகப் பிரித்துத் தராது. துணுக்கு கலந்த உரத்தை விவசாயி இரண்டாம் முறை வாங்கமாட்டார். எனவே வீடு வீடாகச் சென்று விளக்குவதற்கும், தொட்டிகளைத் திறந்து பார்ப்பதற்கும் ஒதுக்கும் பணத்தை நான் வீண்செலவாகக் கருதுவதில்லை.

இப்போதைய குறைந்த கட்டணம் உண்மையிலேயே குறைவானதா என்பதும் ஐயத்துக்குரியது. குப்பைக் கிடங்கில் புதையும் உணவு காற்றின்றி மட்கி மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், அது கார்பன் டை ஆக்சைடைவிட ஏறத்தாழ 28 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு. கிடங்கின் அடியில் கசியும் கழிவுநீரைப் பல பத்தாண்டுகள் சுத்திகரித்தாக வேண்டும். இந்தச் செலவுகள் ரசீதில் வருவதில்லை, அவ்வளவுதான்.

கட்டணத்தை எப்படி அமைக்கலாம் என்பதற்குத் தென்கொரியாவை நான் அடிக்கடி எடுத்துக்காட்டுவேன். அங்கு 1995இல் குப்பையின் அளவுக்கேற்பக் கட்டணம் வந்தது. 2005இல் உணவுக்கழிவை நேரடியாகப் புதைப்பது தடைசெய்யப்பட்டது. 2013 முதல் உணவுக்கழிவுக்கும் அளவுக்கேற்ற கட்டணம் நாடெங்கும் நடைமுறைக்கு வந்து, பல குடியிருப்புகளில் தொட்டியே எடைபோட்டு வீட்டின் கணக்கில் தொகையை எழுதுகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே அளவாக உயர்த்தினால், கழிவைக் குறைத்தவருக்கும் பிரித்துக் கொடுத்தவருக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை. கலந்த குப்பைக்குக் கூடுதலாகவும் பிரித்த உணவுக்கழிவுக்குக் குறைவாகவும் வைப்பதே என் பரிந்துரை. எடைபோடும் வசதி இல்லாத இடத்தில் தொட்டியின் கொள்ளளவை வைத்தே இதைச் செய்துவிடலாம். இவ்விரு கட்டணங்களுக்கும் இடையிலான வேறுபாடு மிகப் பெரிதானால் இரவோடிரவாகத் தெருவோரம் கொட்டுவோர் பெருகுவர் என்பதால், சிறிதாகத் தொடங்குவது நல்லது.

உரம் விற்ற பணமே செலவை ஈடுகட்டும், பிறகு கட்டணம் குறையும் என்ற வாக்குறுதியை மட்டும் நான் ஏற்பதில்லை. எடை மிகுந்து விலை குறைந்த பொருள் அது. தொலைவுக்கு ஏற்றிச் சென்றால் வண்டிக்கூலியே விலையைத் தின்றுவிடும். கட்டண வருவாய்க்குத் தனிக் கணக்கு இருக்கிறதா, அதில் சேகரிப்பும் கண்காணிப்பும் பதப்படுத்தலும் தனித்தனி வரிகளாக உள்ளனவா என்று பார்ப்பேன். இயந்திரக் கொள்முதல் ஒரு வரியாகவும் மற்றவை அனைத்தும் "இதர செலவு" என்றும் இருக்கும் திட்டத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.