மைனஸ் கே போட்டால் பிழை போகாது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மடிவாளாவில் சேலம் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும் நேரம் பார்த்துத்தான் ஏதாவது ஒரு ஏபிஐ (நிரல்கள் தமக்குள் பேசும் வாசல்) சான்றிதழ்ப் பிழை காட்டி நிற்கும். எதிர்முனை சர்வர் யார் என்று காட்டும் அடையாள அட்டைதான் இந்தச் சான்றிதழ். அதைச் சரிபார்க்காதே என்று சொல்ல, கர்ல் கட்டளை என்றால் மைனஸ் கே, பைத்தான் என்றால் வெரிஃபை ஃபால்ஸ். பிழை மறைந்துவிடும், பஸ்ஸும் கிடைத்துவிடும். தரவு அப்போதும் மறையாக்கப்பட்டுத்தான் போகிறது. ஆனால் யாரிடம் போகிறது என்று கேட்பதை நிரல் நிறுத்திவிட்டது. நடுவில் ஒருவன் தன் சொந்தச் சான்றிதழை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும். பெங்களூரு அலுவலகங்களில் 'தற்காலிகம்' என்று சேர்த்த இந்த ஒரு வரி வருடக்கணக்கில் புரொடக்‌ஷனில் கிடப்பது சர்வசாதாரணம்.

பிழை எண்ணைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். மறையாக்க இணைப்புகளைச் சோதிக்க உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியில் எஸ்_கிளையன்ட் கட்டளையை கனெக்ட், சர்வர்நேம், ஷோசர்ட்ஸ் ஆகிய தெரிவுகளோடு ஓட்டுங்கள். சர்வர்நேமை விட்டுவிட்டால், பழைய 1.1.0 பதிப்பு வரை, ஒரே ஐபியில் பல தளங்கள் உள்ள சர்வர் வேறொரு தளத்தின் சான்றிதழைக் கொடுத்துக் குழப்பும். இன்னொரு பொறியும் உண்டு: இந்தக் கட்டளை ஹோஸ்ட்நேமை, அதாவது தளத்தின் பெயரை, தானாகச் சரிபார்க்காது. 'வெரிஃபை ரிட்டர்ன் கோட் 0' என்று வந்தாலும் பெயர் பொருந்தியதாக அர்த்தமில்லை. வெரிஃபை_ஹோஸ்ட்நேம் கொடுத்தால்தான் பெயர்க் கோளாறு 62 என்ற எண்ணோடு வெளியே வரும்.

அதிகம் கண்ணில் படுவது 20, 21. பிரௌசரில் தளம் திறக்கும், நிரலில் திறக்காது. சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்பி, அதற்குக் கையெழுத்திட்ட இடைநிலைச் சான்றிதழை விட்டுவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். பிரௌசர்கள் பலவும் விடுபட்டதை எங்கிருந்தாவது தேடி எடுத்துக்கொள்ளும், ஓப்பன்எஸ்எஸ்எல் எடுக்காது. திருத்த வேண்டியது சர்வரை. என்ஜின்எக்ஸ் வலை சர்வரில் தளத்தின் சான்றிதழ் முதலில், இடைநிலை அடுத்து என ஒரே கோப்பில் வைக்க வேண்டும். சங்கிலியின் உச்சியில் உள்ள ரூட் சான்றிதழைச் சேர்க்கத் தேவையில்லை.

19 என்றால் சங்கிலியின் உச்சியில் இருப்பது நம் பட்டியலில் இல்லாத ரூட். அது வந்தால், எதிர்முனை ஏற்கெனவே நம்பப்படும் பொதுத்தளமாக இருக்கும்பட்சத்தில், அலுவலக பிராக்ஸி (இடைத்தரகு சர்வர்) நடுவில் உட்கார்ந்து போக்குவரத்தைத் திறந்து பார்க்கிறதா என்று முதலில் சந்தேகியுங்கள். நிறுவனத்தின் ரூட்டை லினக்ஸில் சேர்த்த பிறகும் பைத்தான் ஏற்கவில்லை என்று புலம்புகிறவர்கள் கவனிக்க: ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் சர்டிஃபை என்ற தன் சொந்தப் பட்டியலைப் பார்க்கிறது, ஜாவா தன் கேசர்ட்ஸ் கோப்பைப் பார்க்கிறது. இரண்டுக்கும் தனித்தனியே சொல்லியாக வேண்டும்.

10 என்றால் காலாவதி. எது காலாவதி என்பதுதான் கேள்வி. 2021 செப்டம்பர் 30 அன்று டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற ரூட் காலாவதியானபோது, இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்க்ரிப்ட் வழங்கிய சான்றிதழ்களில் குறையே இல்லை. ஆனாலும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2 செத்துப்போன ரூட் வழியாகவே சங்கிலியைக் கட்டிப் பார்த்துத் தோற்றது. சான்றிதழில் இருப்பது ஜிஎம்டி நேரம் என்பதும் நினைவிருக்கட்டும். 23:59:59 என்று போட்டிருந்தால் நமக்கு மறுநாள் விடிகாலை 5:29:59. 9 வந்தால் 'இன்னும் செல்லுபடியாகவில்லை'. கருவியின் கடிகாரம் 1970-இல் நிற்கிறதா என்று பாருங்கள்.

புதுப்பித்த பிறகு 'கீ வேல்யூஸ் மிஸ்மேட்ச்' வந்தால், புதுச் சான்றிதழோடு பழைய பிரைவேட் கீ (சர்வரின் ரகசியச் சாவி) கிடக்கிறது. இரண்டிலும் உள்ள மாடுலஸ் என்ற எண்ணை ஒப்பிடும் பழைய வழி ஆர்எஸ்ஏ வகைச் சாவிகளுக்கு மட்டுமே. எக்ஸ்509, பீகீ கட்டளைகளால் இரண்டிலிருந்தும் பப்ளிக் கீயை எடுத்து ஒப்பிட்டால் இசி (நீள்வட்ட வளைவு) வகைச் சாவிகளுக்கும் சரிவரும். வட்டில் புதுச் சான்றிதழ் இருந்தும் சர்வர் பழையதையே கொடுக்கிறதென்றால் ரீலோட் செய்ய மறந்திருக்கிறீர்கள். 2029 மார்ச் 15 முதல் பொதுச் சான்றிதழ்களின் ஆயுள் 47 நாள்தான். காலண்டரில் குறித்துவைத்துக் கையால் மாற்றும் பழக்கம் அதுவரைகூடத் தாங்காது.

இரு முனைகளும் ஒரு ரகசியச் சாவியை ஒத்துக்கொள்ளும் சாவிப் பரிமாற்றத்தில் வரும் 'டிஎச் கீ டூ ஸ்மால்', உபுன்டு 20.04-க்கு மாறியதும் தலைகாட்டும். அங்கே பாதுகாப்பு நிலை இயல்பிலேயே 2. 2048 பிட்டுக்குக் குறைந்த டிஃபி-ஹெல்மன் (டிஎச்) சாவியை ஏற்காது. எதிர்முனை, நீள்வட்ட வளைவில் இயங்கும் இசிடிஎச்இ முறைக்கு மாறுவதே சரியான தீர்வு. உடனே முடியாதென்றால் அந்த ஒரு இணைப்புக்கு மட்டும் செக்லெவல் 1 (பாதுகாப்பு நிலை 1) கொடுங்கள், இயங்குதளம் முழுவதற்கும் வேண்டாம்.

பிழையே காட்டாமல் இணைப்பு தொங்கினால் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5-ஐ நினைத்துப் பாருங்கள். அது இயல்பாகவே எக்ஸ்25519எம்எல்கெம்768 என்ற கலப்புக் குழுவை (பழைய முறையும் குவாண்டம் கணினியைத் தாங்கும் புது முறையும் சேர்ந்த சாவிப் பரிமாற்றம்) முன்வைக்கிறது. அந்தச் சாவிப் பங்கு மட்டுமே 1216 பைட். அதனால் கிளையன்ட் ஹலோ என்ற முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காது. முதல் பாக்கெட்டை மட்டும் பார்க்கும் பழைய ஃபயர்வால் மீதியைக் கைவிட்டுவிடும். குரூப்ஸ் தெரிவில் எக்ஸ்25519 மட்டும் கொடுத்து இணைப்பு கிடைத்தால் குற்றவாளி பிடிபட்டார்.

'ராங் வெர்ஷன் நம்பர்' மட்டும் பெயருக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லாதது. மின்னஞ்சல் சர்வரின் 587 போன்ற போர்ட்டில் 'இனி மறையாக்கத்துக்கு மாறுவோம்' என்னும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையைச் சொல்லாமல் நேரே ஹேண்ட்ஷேக் தொடங்கியிருப்பீர்கள், அவ்வளவுதான்.

சான்றிதழும் பிரைவேட் கீயும் சேர்ந்த பழைய பிஎஃப்எக்ஸ் கோப்பைத் திறக்கும்போது ஆர்சி2-40 என்ற பழைய மறையாக்கத்துக்கு ஆதரவில்லை என்று ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 மறுத்தால், லெகசி தெரிவோடு ஒரே ஒரு முறை திறந்து, அந்தத் தெரிவு இல்லாமல் மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். இப்போது ஏஇஎஸ் என்ற புது மறையாக்கம் வந்துவிடும். நடுவே உருவான பெம் கோப்பில் பிரைவேட் கீ கடவுச்சொல் இல்லாமல் கிடக்கலாம். பஸ் ஏறுவதற்கு முன் அதை அழித்துவிடுங்கள்.