காப்பீட்டு அட்டையை ஆஸ்பத்திரி வாசலில் தேடாதீர்கள்

மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் வேலை என்பதால், வேலூர் சுற்றுவட்டாரத்தில் எங்கே போனாலும் என்னிடம் கேட்கப்படுவது இதுதான்: "சென்ட்ரல் கார்டு வேற, ஸ்டேட் கார்டு வேறயா?"

தமிழ்நாட்டில் இரண்டும் ஒரே ஏற்பாட்டுக்குள்தான் நடக்கின்றன. 2018 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டைத் தொடங்கியது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை. அதைக் காப்பீட்டு நிறுவனம் வழியாக நடத்துவதா, அரசே நேரடியாக நடத்துவதா என்பதை மாநிலங்களின் முடிவுக்கு விட்டார்கள். இங்கே 2009-லேயே கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது; 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. புதிதாக ஒன்றைத் தொடங்காமல், இருப்பதோடு இணைத்தார்கள். நல்ல முடிவு என்றே சொல்வேன். ஜனங்களுக்குப் பழகிய அட்டை, பழகிய மருத்துவமனை, பழகிய கவுண்டர்.

ஆனால் உள்ளே பட்டியல் இரண்டு. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி தேர்வான குடும்பங்கள் மத்தியப் பட்டியலில் வருகின்றன. அந்தச் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பகிர்ந்துகொள்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள மற்றக் குடும்பங்களை மாநில அரசு தன் பணத்தில் சேர்த்துக்கொள்கிறது. வேலூரில் சிகிச்சை எடுக்கும்வரை இந்த வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. எல்லை தாண்டினால் தெரியும். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கமிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். மத்தியப் பட்டியலில் இருந்தால் அங்கேயும் ஆயுஷ்மான் பாரத்தில் சேர்ந்த மருத்துவமனையில் சிகிச்சை பெறலாம். மாநிலப் பட்டியலில் மட்டும் இருந்தால் அங்கே செல்லாது. உங்கள் குடும்பம் எதில் இருக்கிறது என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் இப்போதே கேட்டு வையுங்கள்.

அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. பீடி சுற்றும் ஓர் அம்மா மருமகளை இதய வால்வு அறுவைக்குக் கூட்டி வருகிறார். காப்பீட்டு அட்டையைக் கேட்டால் ரேஷன் கார்டை நீட்டுகிறார். அதிலும் மருமகள் பெயர் இல்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆன பிறகும் பெயர் தாய் வீட்டுக் கார்டிலேயே கிடக்கிறது. இனிமேல்தான் பெயரை நீக்கி, இங்கே சேர்த்து, வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ஆதாரோடு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். மகன் அலைகிறான், அவள் வார்டில் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள். அட்டை இல்லாமல் நாங்கள் காப்பீட்டு அப்ரூவலுக்கு, அதாவது சிகிச்சைச் செலவுக்கான ஒப்புதலுக்கு, அனுப்ப முடியாது. அறுவை தள்ளிப்போகிறது. பயத்தில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுகிற குடும்பங்களும் உண்டு. ஆனால் இது கையிலிருந்து கட்டிவிட்டு, அப்புறம் பில்லைக் காட்டிப் பணம் வாங்குகிற திட்டம் இல்லை.

அட்டைக்காக நீங்கள் ஒரு ரூபாய்கூட பிரீமியம் கட்டுவதில்லை. பழைய நோய் இருக்கிறது என்று யாரும் ஒதுக்கவும் மாட்டார்கள். அப்படியிருக்க, உடம்பு நன்றாக இருக்கும்போது ஒரு நாள் கூலியை விட்டுவிட்டாவது போய் எடுத்துவிடுங்கள்.

சாலை விபத்துக்கு மட்டும் அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை யாருக்கும் இலவசம். பெங்களூர் ஹைவே ஓரம் இருக்கும் நம் ஊர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கும் இந்த அட்டை வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும்.

இன்னொன்று. அப்ரூவல் வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், தயங்காமல் மேலே சொன்ன எண்ணிலேயே புகார் கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்வரை காத்திருக்காமல், வார்டில் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.