முடிச்சை எண்ணினால் வேகம்

மலேசியாவில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தண்டல் யாரென்று சொல்லத் தேவையில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டு நிரை பிரித்துக் கொடுப்பவர். தூத்துக்குடியில் போய்க் கேட்டால் தோணியை ஓட்டிப் போகும் தலைவர்தான் தண்டல். பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை செய்த இந்திய மாலுமிகளுக்குச் சாரங்கு தலைவர், அவருக்கு அடுத்தவர் தண்டல்; வெள்ளைக்காரர் அதை ‘டிண்டல்’ என்று எழுதிக்கொண்டார்கள். ரஜூலா கப்பலில் வந்த என் தாத்தா கடலில் ஒரு தண்டலிடம் திட்டு வாங்கினாராம், கரை இறங்கியதும் இன்னொரு தண்டலிடம் மாட்டினாராம்.

கப்பல்காரர்களின் சொற்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘நாட்’, கப்பலின் வேக அளவு. போன மாதம் பெர்ணாம் ஆற்றில் படகில் போனபோது அக்காள் மகன் கேட்டான்: “மாமா, கிலோமீட்டர் இருக்கும்போது நாட் எதுக்கு?”

நாட் என்றால் முடிச்சு. கயிற்றில் போடுகிற அதே முடிச்சுதான். கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் விட்டு வேகம் அளப்பதைப் பற்றி வில்லியம் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1574இலேயே எழுதியிருக்கிறார். கால்வட்ட வடிவில் ஒரு பலகை. வளைந்த விளிம்பில் ஈயம். கடலில் போட்டால் நிமிர்ந்து நின்று தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், நகராது. கப்பல் முன்னே போகப் போகக் கயிறு உருளையிலிருந்து அவிழும். முதல் சில பாகம் கயிறு கணக்கில் வராது. (மீனவர் சொல்லும் பாகமும் ஆங்கில ஃபேதமும் ஒன்றே: இரு கை விரித்த நீளம்.) கப்பலின் பின்னால் கலங்கிய நீரைப் பலகை தாண்ட வேண்டுமே! அந்தக் கயிறு முடியும் இடத்தில் கட்டிய அடையாளத் துணி கையைக் கடந்ததும் மணற்குடுவையைக் கவிழ்ப்பார்கள். 28 நொடியில் மணல் தீரும். அதற்குள் எத்தனை முடிச்சு கை வழியே ஓடியதோ, அதுதான் வேகம்.

சூட்சுமம் முடிச்சுகளின் இடைவெளியில். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர், ஒரு மணிக்கு 3,600 நொடி. 3,600இல் 28 என்ன பங்கோ, 1,852 மீட்டரில் 14.4 மீட்டர் அதே பங்கு. முடிச்சுகளை அந்த இடைவெளியில் போட்டுவிட்டால் பெருக்கவும் வேண்டாம், வகுக்கவும் வேண்டாம். ஐந்து முடிச்சு ஓடினால் மணிக்கு ஐந்து கடல்மைல், நம் கணக்கில் ஒன்பதேகால் கிலோமீட்டர். அதனால்தான் ‘மணிக்கு 5 நாட்’ என்றால் கப்பல்காரர் முகம் சுளிப்பார். மணி அந்த முடிச்சுக்குள்ளேயே இருக்கிறது.

சரி, நிமிர்ந்து நிற்கும் பலகையை எப்படித் திரும்ப இழுப்பது? கயிற்றை வெடுக்கென்று ஒரு சுண்டு சுண்டினால் பலகையில் செருகிய முளை கழன்றுவிடும். பலகை படுத்துக்கொள்ளும், சுலபமாக இழுத்துவிடலாம்.

இந்தக் கட்டைக்கு ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று பெயர். அது சொன்ன வேகத்தைக் குறித்த ஏடு லாக் புக். அப்புறம் கணினி வந்தது, லாக் இன் வந்தது. மருமகன் கைப்பேசியில் தினமும் பத்துத் தடவை கட்டையைத் தண்ணீரில் போடுகிறான்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பலகை தரையைப் பார்ப்பதில்லை, தண்ணீரை மட்டுமே பார்க்கிறது. பெர்ணாம் ஆற்றில் நீர் வற்றிக் கடலுக்கு ஓடும் நேரத்தில் நங்கூரம் போட்டுப் படகை நிறுத்திவிட்டு இந்தக் கயிற்றை விட்டால், பலகை ஓட்டத்தோடு போகும், முடிச்சுகளும் கைவழியே ஓடும். படகு நின்ற இடத்தில்தான் நிற்கும். கயிறு மட்டும் இரண்டு நாட் என்று சொல்லும்.