தொங்கும் சுமையும் லீனியர் பேரிங்கின் ஆயுளும்

டர்பன் அருகே சாட்ஸ்வொர்த்தில் மரவேலைப் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர், தாமே கட்டிய செதுக்கும் எந்திரத்தில் லீனியர் பேரிங்குகள் (ரெயில் எனப்படும் நேரான எஃகுத் தண்டின் மீது குண்டுகள் உருள நகரும் தாங்கிகள்) தம் கணக்குக்கு மிகவும் முன்னதாகவே கரகரக்கத் தொடங்கியது ஏன் என்று கேட்டிருக்கிறார். தலைப்பகுதியின் எடை 20 கிலோ, பேரிங் இரண்டு, ஆகவே ஒன்றுக்குப் பத்துக் கிலோ என்பது அவர் கணக்கு.

விலைப்பட்டியலில் உள்ள இயக்கச் சுமைத் திறன் என்பது, பத்தில் ஒன்பது பேரிங்குகள் 100 கிலோமீட்டர் ஓடித் தாங்கும் சுமையாகும். சில நிறுவனங்கள் 50 கிலோமீட்டரை அடிப்படையாகக் கொள்வதால் அவற்றின் எண் 26 விழுக்காடு கூடுதலாகத் தெரியும். ஒப்பிடும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

எஃகுக் குண்டு ரெயிலைத் தொடும் இடம் கண்ணுக்குப் புலப்படாத சிறு நீள்வட்டம். சுமை கூடினால் அந்த நீள்வட்டமும் விரிந்துகொடுக்கும் என்பதால், சுமை எட்டு மடங்கானாலும் அழுத்தம் இரண்டு மடங்குதான் ஆகும் என்பது 1882இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்ட்ஸ் காட்டிய அழகான முடிவு. ஆனால் குண்டு கடந்து போகும் ஒவ்வொரு முறையும் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே உலோகம் நெரிபட்டு மீள்கிறது. அங்கே தோன்றும் நுண்விரிசல் மெல்ல மேலேறி, ஒருநாள் செதிலாகப் பெயர்கிறது. இந்தக் களைப்பு அழுத்தத்தின் ஒன்பதாம் அடுக்கைத் தொடர்வதால், அழுத்தம் இரட்டிக்கும்போது ஆயுள் 512இல் ஒரு பங்காகிவிடுகிறது. சுமையை வைத்துச் சொன்னால் அதுவே கனவிதி, அதாவது ஆயுள் சுமையின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் குறையும் விதி: சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. சுவீடனைச் சேர்ந்த லுண்ட்பெரியும் பாம்கிரெனும் பேரிங் ஆயுள் பற்றி 1947இல் வெளியிட்ட கோட்பாடு இன்றும் பட்டியல்களை ஆள்வதில் எனக்கு வியப்பில்லை.

வாசகரின் எந்திரத்தில் இரு பேரிங்குகளுக்கும் இடைவெளி 200 மில்லிமீட்டர். தலைப்பகுதியோ அவற்றின் நடுப்புள்ளியிலிருந்து 300 மில்லிமீட்டர் தள்ளி வெளியே தொங்குகிறது. திருப்புத்திறனைச் சமன்செய்தால், அருகிலுள்ள பேரிங் 40 கிலோவைத் தாங்குகிறது, மற்றொன்று 20 கிலோ விசையுடன் மேல்நோக்கி இழுபடுகிறது. எதிர்பார்த்ததைவிட நான்கு மடங்கு சுமை. ஆகவே ஆயுள் 64இல் ஒரு பங்கு. பெரிய பேரிங் வாங்குவதற்கு முன் இடைவெளியை 400 மில்லிமீட்டராக்குவதே அறிவுடைமை என்பது என் உறுதியான கருத்து: சுமை 25 கிலோவாக இறங்கி, செலவின்றியே ஆயுள் நான்கு மடங்காகும். தொங்கலைப் பாதியாகக் குறைத்தாலும் இதே பலன்தான்.

செதுக்கும்போது எழும் வெட்டுவிசையையும் அதிர்வையும் இதன் மேல் சேர்த்தே கணக்கிட வேண்டும். டர்பனின் உப்புக்காற்றில் ரெயிலில் துருக்குழி விழுந்தால் விரிசல் மேற்பரப்பிலேயே தொடங்கிவிடும், கனவிதி அப்போது பொருந்தாது; ஆகவே மரத்தூளைத் துடைத்தெறியும் சீல் உள்ளதையும் துருப்பிடிக்காத அல்லது பூச்சிட்ட ரெயிலையும் தேர்ந்து, கிரீஸை உரிய இடைவெளியில் இட வேண்டும்.