உட்பொதி ரேடார் உணரி: திரும்புவது எதிரொலியா, எதிரலையா?

ரேடார் என்னும் சொல் ஒரு வேரிலிருந்து கிளைத்ததன்று. ‘ரேடியோ டிடெக்சன் அண்ட் ரேஞ்சிங்’ என்னும் தொடரின் எழுத்துகளைக் கோத்து, 1940-இல் அமெரிக்கக் கடற்படை ஆக்கிக்கொண்ட பெயர். அதுவரை ஆர்.டி.எஃப். என்று வழங்கிவந்த பிரிட்டன் 1943-இல் இதை ஏற்றது. அத்தொடரில் இரு வினைகள் உள்ளன: ஒன்று இருப்பதைக் கண்டறிதல், மற்றொன்று அதன் தொலைவை அளத்தல்.

தமிழில் ‘கதுவீ’ என்று எழுதுவோர் உண்டு. கதுவுதல் என்றால் பற்றுதல், நல்ல பழஞ்சொல். ஆனால் அது முதல் வினையை மட்டுமே பற்றுகிறது. தொழிற்கூடத்தில் வேண்டப்படுவதோ பெரும்பாலும் தொலைவு; தொட்டியின் மேலே பொருத்திய உணரியிலிருந்து எண்ணெய் மட்டம் எவ்வளவு கீழே உள்ளது என்பது போல. புயல் செய்திகளில் ரேடார் என்றே கேட்டுப் பழகியவர்களுக்கு அப்பெயரே போதும் என்பது என் கருத்து. சென்சாருக்கு ‘உணரி’ நிலைத்துவிட்டது. சில்லும் அலைவாங்கியும் சிறு பலகையில் அமைந்து வேறொரு கருவிக்குள் அடங்கியிருப்பதை ‘உட்பொதி’ என்பது பொருத்தமாகச் சொல்கிறது.

திருத்த வேண்டிய சொல் வேறு. உணரி அனுப்பும் அலை பட்டுத் திரும்புவதை ‘எதிரொலி’ என்றே கையேடுகளில் எழுதிவிடுகிறோம். இங்கே ஒலி இல்லை. திரும்புவது மின்காந்த அலை, ஆகவே ‘எதிரலை’ என்பதே சரி. இது வெறும் இலக்கணப் பிடிவாதமன்று. ஒரு தொட்டியில் ரேடார் உணரி இருக்கும் ஆலையிலேயே, பக்கத்துத் தொட்டியில் காதுக்கு எட்டாத ஒலியைக் கொண்டு அளக்கும் மீயொலி உணரி இருக்கும். அதில் திரும்புவது மெய்யாகவே எதிரொலி, காற்று ஒரு பாகை சூடானால் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடி அளவு பிசகும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வழங்கினால், வெப்பநிலையால் அவ்வளவாகப் பிசகாத ரேடார் தவறான அளவு காட்டும்போதும் பணியாளர் வெப்பநிலையைத்தான் முதலில் சந்தேகிப்பார்.

எண்ணெய்த் தொட்டியொன்றைப் பாருங்கள். எண்ணெயின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்கு ஒரு பொருள் காட்டும் இயல்பை வெற்றிடத்தோடு ஒப்பிடும் எண்) ஏறத்தாழ 2 என்பதால், அதன் மேற்பரப்பு அலையின் ஆற்றலில் சுமார் 3 விழுக்காட்டையே திருப்புகிறது; உள்ளே இறங்கும் இரும்பு ஏணியின் படியோ அதைவிட வலிய எதிரலையைத் தரக்கூடும், உணரி அந்தப் படியையே எண்ணெய் மட்டமாகக் காட்டிவிடும். ஆகவே நிறுவும்போது தொட்டியைக் காலியாக்கி, ஏணியும் பற்றவைப்புத் தழும்புகளும் தரும் பொய் எதிரலைகளைப் பதிவு செய்து, அவற்றைக் கழித்தே அளக்குமாறு அமைக்கிறார்கள். உணரியைச் சுவரை ஒட்டியோ, எண்ணெய் கொட்டும் தாரைக்கு நேராகவோ பொருத்துவதில்லை.

உணரியின் முன் வரும் பிளாஸ்டிக் மூடியும் எதிரலை தருவதே. 60 கிகாஹெர்ட்ஸில் காற்றில் அலைநீளம் 5 மி.மீ.; ஒப்புமை விடுதிறன் 2.8 உள்ள பிளாஸ்டிக்கினுள் அரை அலைநீளம் ஏறத்தாழ 1.5 மி.மீ. ஆகும். மூடியின் தடிமன் அந்த அளவில் இருந்தால் அதன் இரு முகங்களிலும் எழும் எதிரலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்னாளில் மூடியை மாற்றினாலோ, தொட்டிக்குள் புதுக் குழாய் இறக்கினாலோ, பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.